48 மணித்தியாலம் பொறுங்கள்

ஆலோசகர்: பதுளையில் திறக்கிற தளம் லுணுகலையில் திறக்கவில்லை என்று பதறாதீர்கள், தம்பி. தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் பதிவை மாற்றினால் அது உலகமெல்லாம் பரவ வேண்டும். 48 மணித்தியாலம் பொறுங்கள்.

தம்பி: போன வாரமும் இதைத்தானே சொன்னீர்கள், சேர். டிஎன்எஸ்ஸில் எதுவும் தானாகப் பரவுவதில்லை. ஒரு பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்டு வாங்கிய சர்வர் அதைச் சற்று நேரம் தன் கேஷில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதைப் பதிவை எழுதியவரே நொடிக் கணக்கில் குறிக்கிறார். டிடிஎல் என்பது அதுதான். 86400 என்றால் ஒரு நாள், 300 என்றால் ஐந்து நிமிடம். மாற்றத்துக்கு ஓரிரு நாள் முன்பே 300 ஆக்கியிருந்தால், ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எல்லா ஊருக்கும் புது முகவரி போயிருக்கும்.

ஆலோசகர்: மலைநாடு அல்லவா? மழை, மின்வெட்டு... அதையும் சேர்த்து இன்னொரு 48 மணித்தியாலம் போடுங்களேன்.

தம்பி: மழை பாவம், சேர். முதன்மை நேம் சர்வரையும் துணைச் சர்வரையும் தனித்தனியே கேட்டுப் பார்த்தேன். முதன்மையில் புது முகவரி, துணையில் பழசு. பதிவுக் கோப்பைத் திருத்தியவர் அதன் தலையிலுள்ள தொடர் இலக்கத்தைக் கூட்டவில்லை. அந்த இலக்கம் கூடினால்தான் துணைச் சர்வர் புதுப்பிரதி எடுக்கும். கூட்டாமல் 48 நாள் பொறுத்தாலும் பலனில்லை. கேட்கிறவர் எந்தச் சர்வரிடம் போய் விழுகிறாரோ, அந்தப் பதில்தான் அவருக்கு. போதாக்குறைக்கு இரண்டு சர்வரையும் ஒரே அலுமாரியில் அடுக்கியிருக்கிறீர்கள். துணையை வேறிடத்தில் வையுங்கள் என்று 1997இலேயே இணைய ஆவணமான ஆர்எஃப்சி 2182 சொல்லிவிட்டது.

ஆலோசகர்: புதிதாகப் பதிந்த பாடசாலைத் தளத்துக்கு ‘அப்படியொரு பெயரே இல்லை’ என்று வருகிறதே?

தம்பி: ‘இல்லை’ என்ற பதிலையும் சர்வர் சேமித்து வைக்கும், சேர். 1998இன் ஆர்எஃப்சி 2308இல் அதற்கு விதி இருக்கிறது. பெயரைப் பதிந்த பின்னும் முன்பு கேட்ட சர்வர் கொஞ்ச நேரம் ‘இல்லை’ என்றே சாதிக்கும். இந்த மலைக்கு அது பழகிய பதில். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் ஆட்களுக்குச் சொன்ன ‘இல்லை’யைத் துடைக்க 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஆயிற்று. உங்கள் 48ஐ விட எங்கள் 48 நீளமானது.

ஆலோசகர்: தொழில்நுட்பத்தில் அரசியலைக் கலக்காதீர்கள். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி இலங்கையின் டொட் எல்கே பெயர்கள் சிலவற்றைத் திசைதிருப்பியவர்களும் இப்படித்தான் கலந்தார்கள்.

தம்பி: அது அத்துமீறல்தான். ஆனால் திசைதிரும்பிய பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து மக்களின் பிரச்சினையும் எழுதியிருந்தது. அதற்கு முதல் நாள்தான் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். பெயர்கள் தவறான முகவரிக்குப் போனதை அன்றே திருத்திவிட்டார்கள். அந்த அவசரம் லயத்துக் காம்பராவின் முகவரிக்கு ஏன் இல்லை? பல தோட்டங்களில் வீட்டு இலக்கமுமில்லை, வீதிப் பெயருமில்லை. கடிதம் தோட்டக் கந்தோரோடு நின்றுவிடுகிறது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வருகிறது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, காணாமற்போனோர் தொகையை நாளுக்கொன்றாகச் சொன்னார்கள். எந்தக் காம்பராவில் யார் என்ற பட்டியலின் துணைப்பிரதி மலைக்கு அப்பால் இருக்க வேண்டியது அப்படிப்பட்ட நாளுக்குத்தான், சேர். செத்தவரை எண்ணவும் பொறுக்கச் சொல்வீர்களா?

ஆலோசகர்: அதெல்லாம் சரி. காணி ஒருவருடையது, குத்தகை இன்னொருவருடையது, ஆட்களோ இடம் மாறுகிறார்கள். இத்தனை இலக்கத்தை யார் பராமரிப்பது?

தம்பி: இதே கேள்வி இணையத்துக்கும் வந்தது. ஆரம்பத்தில் எல்லாக் கணினிப் பெயர்களும் ஒரே கோப்பில்தான் இருந்தன. வலையமைப்பு பெருகியதும் அந்தக் கோப்பு தாங்கவில்லை. 1983இல் டிஎன்எஸ் பிறந்தது. மேலே இருப்பவர் எல்லாவற்றையும் சுமப்பதில்லை. கீழே யாரைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறார். அதுபோலத் தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனும் தன் லயங்களின் பதிவை வைத்துக்கொள்ளட்டும், ஆள் மாறினால் திருத்தட்டும். பறித்த கொழுந்தைக் கிலோ தவறாமல் ஆள்வாரியாகப் பதிகிற கந்தோருக்கு, பறித்தவரின் வாசலுக்கு இலக்கம் போடத் தெரியாதா?

ஆலோசகர்: நல்ல யோசனை. ஒரு குழு அமைப்போம். 48...

தம்பி: குழு வேண்டாம், சேர். ஒரு வாளிப் பெயின்டும் ஒரு பதிவுப் புத்தகமும் போதும். இந்த மாதமே தொடங்கச் சொல்லுங்கள்.