மஞ்சள் கரு எங்கே போச்சு?

சென்னையிலிருந்து ஒரு வேன் நிறைய உறவும் நட்பும் போன ஞாயிறு செட்டிநாட்டு நெற்குப்பைக்கு வந்து இறங்கின. காலாற ஊரைச் சுற்றுவதாகத் திட்டம். ஊருணியில் தொடங்கி, பெரிய வீடுகளை வளைத்து, சோமலெ பெயரிலுள்ள நூலகத்தில் முடிகிற வட்டம். வழிகாட்டும் வேலை இந்தக் கட்டுரையாளர் தலையில் விழுந்தது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

முதல் வீட்டு முகப்பிலேயே ஆரம்பித்தது. "அண்ணே, இன்னைக்கு வித்தா என்ன போகும்?" பர்மாத் தேக்குத் தூணைக் கண்டால் தமிழனுக்கு வேறென்ன தோன்றும்?

அதைக்கூடப் பொறுக்கலாம். அடுத்தது முட்டை.

கண்ணாடி மாதிரி மின்னும் சுவரைத் தடவி ஒருவர், "எல்லாம் முட்டை வெள்ளைக் கரு" என்றார். அரைத்த சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும்கூட அந்தப் பூச்சில் உண்டு. கடுக்காய்க்காக யாரும் வாயைப் பிளந்ததில்லை. இந்தத் தெருவில் ஆயிரமாக இருந்த முட்டை, முக்குத் திரும்பியதும் பத்தாயிரம், பின்தெருவில் லட்சம். நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60, 70 முட்டை இட்டால் பெரிது. லட்சம் முட்டைக்கு ஏறத்தாழ 1,500 கோழி, அதுவும் ஒன்றுகூட அடைக்கு உட்காராமல். நாமக்கல் பண்ணைகள் தலையெடுக்காத காலம். தேக்கு வந்த கப்பலிலேயே முட்டையும் வந்ததா? வழியில் உடைந்திருந்தாலும் நஷ்டமில்லை, உடைக்கத்தானே வாங்குவது! சரி, வெள்ளைக் கரு சுவருக்குப் போனது. லட்சம் மஞ்சள் கரு? கந்தரப்பத்தில் இல்லை. சீயத்தில் இல்லை. தேன்குழலில் இல்லை. இன்னொன்றுக்குப் பெயரே வெள்ளைப் பணியாரம். கொத்தனாருக்குக் கூலியோடு சேர்த்து ஊற்றினார்களா? யாரும் சொல்வதில்லை.

இந்தக் கணக்கு முடிவதற்குள் வெயில் ஏறிவிட்டது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள் இவை. ஒன்றைச் சுற்றினாலே பாதி ஊர் நடந்த மாதிரி. "வேனை இங்கேயே வரச் சொல்லுங்கண்ணே" என்றது கூட்டம். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தபோது அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கான இந்தியர் நடந்தே ஊர் திரும்பினார்கள். தைப்பூசம் வந்தால் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்கள் இந்தச் சீமை நகரத்தார். பேரப்பிள்ளைகளுக்குப் பின்தெருவிலிருந்து முன்தெருவுக்கு ஏசி வேன்.

சோமலெ 1921-ல் இந்த ஊரில் பிறந்தவர். உலகத்தைச் சுற்றிவிட்டுப் பயண நூல்கள் எழுதினார். தமிழக மாவட்டங்களுக்குத் தனித்தனிப் புத்தகமும் போட்டார். ஓர் ஊரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அவரிடமிருந்து மூன்று விஷயங்களை எடுத்து, கட்டுரையாளர் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். நூலக வாசலில் நின்று சொல்லலாம் என்று.

வேன் காரைக்குடிக்குச் சாப்பிடப் போய்விட்டது. "டூர் சூப்பர்ணே" என்று வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன: பூட்டிய கதவு, பூட்டிய கதவு, பூட்டிய கதவுக்கு முன்னால் அத்தை.

வீட்டுக்கு வந்த கட்டுரையாளர் அப்பத்தாவிடம் மஞ்சள் கருவைப் பற்றி விசாரித்தார்.

"வெயில்ல சுத்திட்டு வந்து கேக்குற கேள்வியப் பாரு. போய்க் கை காலைக் கழுவு."