செஞ்சி வட்டாரத்து அரிசி வைத்தியம்: ஒரு முன்னோட்ட ஆய்வு

தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசிக்குள் புதைத்தால் உயிர் பெற்றுவிடும் என்ற நம்பிக்கை உலகமெல்லாம் உண்டு. அதை ஆராய விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியைவிடத் தோதான களம் அமையாது. ஒருபக்கம், அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை வைக்க இடம் போதாத ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். மறுபக்கம் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைக்கோட்டை. கீழே ஆனைக்குளம், சக்கரக்குளம், செட்டிக்குளம்: குனிந்து செல்ஃபி எடுப்பவருக்குக் கைதவற மூன்று வாய்ப்பு. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபின் ஆய்வுப்பொருளுக்குப் பஞ்சம் வர வழியில்லை.

முற்காலச் சான்று பலவீனமானது. 1690 முதல் 1698 வரை ஜுல்பிகார் கானின் முகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. எட்டு ஆண்டு மழையில் வெடிமருந்து நமுத்திருக்கும். கோட்டையில் நெற்களஞ்சியம் இருந்தும், யாரும் வெடிமருந்தை நெல்லில் புதைத்ததாக எந்த வரலாற்றாசிரியரும் எழுதவில்லை.

இக்காலத்தவரை நான்கு மரபினராகப் பிரிக்கலாம். அரிசியர், வெயிலர், ஹேர் டிரையரால் ஊதும் ஊதியர், ‘ஆன் ஆகுதான்னு பார்ப்போம்’ எனும் சோதனையர். நான்காம் மரபே எண்ணிக்கையில் பெரிது. சேதத்திலும் அதுவே முதலிடம்.

காரணம் எளிது. வெறும் தண்ணீர் போனை உடனே கொன்றுவிடாது. அதில் கரைந்திருக்கும் உப்புகள் வழியே மின்சாரம் தடம் மாறிப் பாய்வதால்தான் போர்டு ஷார்ட் ஆகிறது. செம்புத் தடங்கள் அரித்துப் பச்சை பூக்கின்றன. பேட்டரி இணைந்திருக்கும் வரை அரிப்பு ஓயாது. பானைக்குள் போன் நிம்மதியாகத் தூங்குவதாக வீட்டார் நினைக்கும் நேரம் முழுவதும் இது நடக்கிறது.

இனி அரிசியின் தகுதி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குப் பொதுவான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதற்கு இறக்க விவசாயி ரோட்டிலும் களத்திலும் நெல்லைக் கொட்டிக் காலால் துழாவிக் காய வைக்கிறார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் அரை மீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் நெல்லுக்கே தார்ப்பாய் தேவை. ஆலையில் அரைத்து மூட்டை கட்டிய அரிசியிலும் பத்தில் ஒரு பங்குக்குமேல் ஈரம் உண்டு. அதனிடம் போய் அடுத்தவர் ஈரத்தை உறிஞ்சச் சொல்வது, கடனாளியிடம் ஜாமீன் கேட்பதாகும்.

2024 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனமே ஐபோனை அரிசியில் போட வேண்டாம், துகள்கள் உள்ளே புகுந்து கெடுக்கும் என்று அறிவுறுத்தியது. சார்ஜ் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வை என்பது அதன் வைத்தியம்.

செல் கடைக்காரரின் முறை வேறு. அவர் முதலில் கேட்பது, “சார்ஜ்ல போட்டீங்களாண்ணா?” பதில் வரத் தாமதமானாலே அவருக்கு விடை தெரிந்துவிடும். சிம் ட்ரேத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறார்: பல மாடல்களில் உள்ளே இருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் நீர் பட்டால் சிவந்துவிடும். பிறகு பேட்டரியைக் கழற்றி, போர்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பழைய டூத் பிரஷால் தேய்க்கிறார். சார்ஜ் துளையிலிருந்து இடுக்கியால் எடுத்த அரை அரிசியை மேசை ஓரத்தில் வைக்கிறார்.

அந்த அரிசி பொன்னியா, ரேஷனா என்பது அடுத்த ஆய்வாளருக்கு. பானையில் மிச்சமிருந்ததை அன்றிரவே வீட்டார் உலையில் போட்டுவிட்டதால் மாதிரி கிடைக்கவில்லை.