பெயர் மாற்றப்பட்டுள்ளது

டிரஸ்ட்காரர் மழையை ரசித்து நான் பார்த்ததில்லை. ஆனைமடுவு அணை நிரம்பி வசிஷ்ட நதியில் தண்ணீர் வந்துவிட்டதென்று பேளூர்ப் பக்கம் ஜனங்கள் திரண்டு வேடிக்கை பார்ப்பார்கள். இவர் மட்டும் வாழப்பாடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "வறட்சிக்கு இப்பத்தாங்க புரோபோசல் போட்டேன். ஃபீல்டு விசிட்டுக்கு வேற வர்றாங்க. பச்சைப் பசேல்னு கிடந்தா எப்படிங்க?"

பணம் எந்தத் துன்பத்துக்கு வருகிறதோ, அந்தத் துன்பம் அந்த வருஷம் வாழப்பாடி வட்டாரத்தில் தலைவிரித்தாடும். அவர் டிரஸ்ட்டின் கொள்கை அவ்வளவுதான். சேலம் மாவட்டத்தில் பெண் சிசுக்கொலை நிஜமாகவே நடந்தது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கேதான் தொடங்கியது. அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளிடம் பேசிய பெண்களைக் கிண்டல் செய்தால் என் நாக்கு அழுகிப்போகும். நம்மாள் அந்தக் கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்து, போட்டோவில் முதல் வரிசைக்கு வந்தவர். 1989-ல் தர்மபுரியில் ஐஃபாட் என்கிற சர்வதேச அமைப்பின் நிதியோடு முளைத்த மகளிர் குழுக்கள் சேலத்துக்கும் பரவியதும் சிக்கனம், சேமிப்பு என்று பேச ஆரம்பித்தார். லாரி டிரைவர்களுக்கு எய்ட்ஸ் விழிப்புணர்வு என்று பணம் வந்தபோது தாபா தாபாவாக ஏறி இறங்கினார். 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. வாழப்பாடிக்குக் கடல் இல்லையே என்று வேறொருவர் சோர்ந்துபோயிருப்பார். கடலூர் பஸ் வாழப்பாடி வழியாகத்தான் போகிறது என்று கண்டுகொண்டவர் இவர்.

இப்போது பருவநிலை மாற்றம். பாக்குத் தோப்பில் ஒரு மட்டை விழுந்தாலும் புவி வெப்பமாதல்தான்.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன். மன்னிக்க முடியாதது அந்த 'வெற்றிக் கதை'. ஒவ்வொரு அறிக்கையின் கடைசிப் பக்கத்திலும் ஒரு பயனாளியின் வாழ்க்கை மாறியாக வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலை, கூலி இல்லாமல், என் தலையில். கடைசித் தேதிக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் அவர் ஸ்கூட்டர் வந்து நிற்கும். கையில் ஃபைல், அதில் போட்டோ. போட்டோவில் அதே அக்கா.

அருநூத்துமலை அடிவாரத்தில் இரண்டு ஆடு வைத்திருக்கிற அக்கா. முதல் அறிக்கையில் குழுத் தலைவி. அடுத்ததில் கந்துவட்டியிலிருந்து மீண்டவர். பிறகு புலம்பெயர்ந்து திரும்பிய தொழிலாளி, பருவநிலையால் பாதிக்கப்பட்ட சிறு விவசாயி, கடைசியாக டிஜிட்டல் கல்வி பெற்றவர். அந்தப் படத்தில் அவர் கையிலிருக்கும் செல்போன் டிரஸ்ட்காரருடையது. அறிக்கைக்கு ஒரு பெயர், கீழே அடைப்புக்குறிக்குள் 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'. ஆடு மட்டும் மாறவில்லை; காதில் வெள்ளைத் திட்டு, எல்லா அறிக்கையிலும் அதே ஆடு.

ஒருமுறை படம் எடுக்கும் இடத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு படம் வேண்டுமாம். முன்புக்குத் தலையைக் கலைத்துவிட்டு வாசற்படியில் உட்கார வேண்டும். பின்புக்கு எண்ணெய் வைத்துச் சீவி, ஒரு முழம் மல்லி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் ஆளுக்கொரு டம்ளர் மோர் குடித்தோம். அந்த வருஷக் கதைப்படி அக்கா கணவனை இழந்தவர். முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக எதிரே தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர் வீட்டுக்காரர்.

"ஏங்க சார், இந்தத் தடவை சிரிக்கோணுமா, அழுவோணுமா?" என்று அக்கா கேட்டார்.

"மொதல்ல அழுவுங்கக்கா. சிரிப்பு அப்புறம்."

"அவரும் அழுவோணுமா?"

"அவரு செத்துட்டாருங்கக்கா."

வீட்டுக்காரர் அட்டையை இறக்காமலேயே சிரித்தார்.

டிரஸ்ட்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போய்விடவும் முடியவில்லை. வரிச்சலுகைக்கு 12ஏ, 80ஜி, பதிவுக்குத் தர்பன் எண் என்று காகிதம் சேர்ப்பதிலேயே மனுஷனுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு வந்தபோது குதித்தார். 5 கோடி லாபம் பார்க்கிற கம்பெனி, முந்தைய 3 வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழித்தாக வேண்டும். ஆனால் தங்கள் ஆலை இருக்கிற பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது அதே சட்டம். வாழப்பாடியைச் சுற்றி இருப்பது சேகோ ஆலையும் பாக்குத் தோப்பும்தான். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன டிரஸ்ட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிற வழி அதோடு அடைபட்டது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 ஆனது.

கொடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பேனருக்குப் பணம் தருகிறீர்கள், பயிற்சி முகாமில் வைக்கிற பிஸ்கட்டுக்குத் தருகிறீர்கள். அந்த முகாமுக்கு ஆள் கூட்டிவர மலை ஏறி இறங்குகிற பெண்ணுக்குச் சம்பளம் என்று எழுதினால் மட்டும் ஏன் சிவப்பு மையால் சுழிக்கிறீர்கள்? டிரஸ்ட்காரருடைய ஃபீல்டு ஒர்க்கர் பெண்கள் இரண்டு பேர் மாதக்கணக்கில் சம்பளம் வராமல், கைக்காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். எந்த வெற்றிக் கதையிலும் அவர்கள் வரவில்லை.

அக்கா இத்தனை வருஷத்தில் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஆட்டுக்கு ஒரு கொட்டாய். மழையில் குட்டி செத்துப்போகிறது. ஆட்டுக் கொட்டாய்க்கு நிதி தருகிறோம் என்று எந்த நிறுவனமும் விளம்பரம் கொடுத்ததில்லை. ஆனால் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆட்டுக் கொட்டகை கட்டித் தர வழி இருந்தது. டிரஸ்ட்காரர் ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஒவ்வொரு மேசையிலும் காகிதத்தை நகர்த்தி, பட்டா நகலுக்குத் தானே கியூவில் நின்று, அதை வாங்கிக் கொடுத்துவிட்டார். டீக்கடைப் பையன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"இதுதானே நிஜமான வெற்றிக் கதை, இதைப் போடுங்களேன்" என்றேன்.

"இதுக்கு யாரு ஃபண்டு குடுத்தாங்க, அவங்களுக்கு அனுப்பறதுக்கு?" என்றார்.

போன வாரம் மறுபடி படம் எடுக்கப் போனோம். அக்கா பெருமையாகப் புதுக் கொட்டாய் முன்னால் போய் நின்றார், பக்கத்தில் அந்த ஆடு. டிரஸ்ட்காரர் செல்போனைத் தூக்கிப் பார்த்தார், இறக்கினார்.

"அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி வாங்க. கொட்டாய் தெரிஞ்சா வசதியான வீடுன்னு நெனச்சுக்குவாங்க."