யூரியாவே, உன் கொடை பெரிது

யூரியாவே, வேகத்தில் உனக்கு நிகர் யார்? தொழு எரு மக்கி மண்ணோடு சேர மாதக்கணக்கில் ஆகும். உன்னை வீசிய சில நாளில் வெளுத்துக் கிடந்த நடவு கரும்பச்சை கட்டிவிடுகிறது. வரப்பில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். உன்னிடம் இருப்பது 46 சதவீதம் தழைச்சத்து. பயிர் எடுத்தது போக மிச்சத்தைக் காற்றுக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் பங்கு வைக்கிற மனசு வேறு யாருக்கு வரும்?

வளர்த்தி கொடுப்பதில் நீ கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. வெள்ளைப் பொன்னி இயல்பிலேயே உயரமான ரகம்; அதற்கும் நீ குறை வைப்பதில்லை. நீ மிகுந்த வயலில் அடிக்கணுக்களுக்கு நடுவே தண்டு நீள்கிறது, அதன் சுவர் மெலிகிறது. மேலே தழை அடர்ந்து, தூரில் வெயில் படாமல் காக்கிறது. விறைத்து நிற்கும் சிரமத்திலிருந்தே தாளை விடுவித்துவிட்டாய். தாளுக்கு உரம் ஏற்றும் சிலிக்காவும் சாம்பல் சத்தும் இப்படிப் பச்சை காட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரிகிறவன் நீ ஒருவன்தான்.

அரசுக்கும் நீ செல்லப்பிள்ளை. 2010-ல் மற்ற உரங்களுக்குச் சத்து அடிப்படையில் மானியம் என்று மாற்றியபோது உன்னைத் தொடவில்லை. பொட்டாஷ் விலை ஏறியது. நீயோ, வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக, 45 கிலோ மூட்டை 242 ரூபாய் என்று அசையாமல் நின்றாய். உன் வயலில் அப்படி நிற்பது உன் விலை ஒன்றுதான்.

பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டதில் உனக்குப் பெரும்பங்கு உண்டு. தழைச்சத்தை அள்ளித் தின்றும் சாயாத நெல் வேண்டுமென்று, இந்தோனேசியாவின் நெட்டையான பீட்டாவோடு தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் குட்டையைச் சேர்த்தார்கள். உன்னைத் தாங்குவதற்காக நெல் தன் உயரத்தையே விட்டுக்கொடுத்தது. எருவுக்காக எந்தப் பயிராவது இத்தனை பணிந்ததுண்டா?

தை மாதம் கதிர் முற்றுகிறது. தலையில் மணியின் கனம், அதில் தங்கிய மழைநீரின் கனம், பக்கத்திலிருந்து தள்ளும் காற்று. தாள் நெட்டையாக இருக்க இருக்க இந்தச் சுமை அடிக்கணுவில் கூடுதலாக இறங்கும். கொஞ்சம் சாய்ந்துவிட்டால் தன் எடையே தன்னை இழுக்கும். ஒரே ராத்திரியில் வயல் முழுவதையும் படுக்க வைக்கிறாய். அதனால் அறுவடை செய்யும் பெல்ட் வண்டிக்காரருக்குக் கூடுதல் மணிநேரக் கூலி கிடைக்கிறது. படுத்து நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதென்று திருப்பி அனுப்புகிறார்கள்; நெல்லோடு ரோட்டோரத்தில் சில நாள் தங்கும் வாய்ப்பும் உன்னால்தான் விவசாயிக்கு வாய்க்கிறது. சேற்றில் கிடக்கும் மணிகளோ கதிரை விட்டு உதிராமலே முளைவிடுகின்றன. இந்தப் போகம் அறுக்கும் முன்பே அடுத்த போகத்துக்கு நாற்று விட்டுத் தரும் வள்ளல் உன்னைத் தவிர யார்?