ஒரு ரூபாய் விமானமும் தொழுதூர் பஸ்ஸும்

திட்டக்குடியில் விமான நிலையம் கிடையாது. ரயில் நிலையமே கிடையாது. ரயில் பிடிக்கப் பெண்ணாடம் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு மலிவு விமானக் கம்பெனிகள் எழுந்ததையும் விழுந்ததையும் பேச என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஏறாதவன்தான் இதை நிதானமாகப் பேச முடியும். ஏறினவர்கள் எல்லாம் தங்களுக்கு எவ்வளவு மலிவாக டிக்கெட் கிடைத்தது என்ற பெருமையைத் தாண்டி வருவதே இல்லை.

எங்கள் பக்கத்து விமான வரலாறு நெய்வேலியில் தொடங்குகிறது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து 1981இல் ‘வாயுதூத்’ என்றொரு கம்பெனியைத் தொடங்கின. வடகிழக்கு மாநிலங்களின் மலையூர்களுக்காகப் பிறந்த கம்பெனி, போகப் போக யார் கூப்பிட்டாலும் போகிற சுபாவத்தை வளர்த்துக்கொண்டது. அந்தச் சுபாவத்தில்தான் அதன் குட்டி விமானம் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் ஓடுதளத்திலும் வந்து இறங்கியது. 1993இல் வாயுதூத் இந்தியன் ஏர்லைன்ஸுக்குள் கரைந்து போனது. சுரங்கம் மட்டும் மிச்சம்.

பிறகு வந்தவர்தான் கேப்டன் கோபிநாத். கர்நாடகத்தில் ஹாசன் பக்கம் கோரூர்க்காரர். ராணுவத்தை விட்டு வந்து பட்டுப்பூச்சி வளர்த்தார், மாடு வளர்த்தார், ஓட்டல் வைத்தார், மோட்டார் சைக்கிள் விற்றார், ஹெலிகாப்டர் வாடகைக்கு விட்டார், கடைசியில் 2003இல் ஏர் டெக்கான் தொடங்கினார். இந்தப் பட்டியலை ஒரு நாள் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். மாமா ஒரு காலத்தில் மினி பஸ் ஓட்டி நஷ்டப்பட்டவர். போக்குவரத்துத் துறையில் எங்கள் குடும்பத்தின் ஒரே நிபுணர்.

“இத்தனை தொழில் பண்ணியும் கையில காசு மிச்சம் இருந்திருக்கு மாப்ள. அதைத் தீர்க்கத்தான் ஏரோப்ளேன் வாங்கியிருக்காரு” என்றார்.

தொடக்க விழாவே அமர்க்களம். ஆகஸ்ட் மாதம், ஹைதராபாத்திலிருந்து விஜயவாடாவுக்கு முதல் விமானம். உள்ளே வெங்கய்ய நாயுடு உள்ளிட்ட பெரிய மனிதர்கள். விமானம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே எஞ்சினில் தீப்பிடித்துவிட்டது. நல்ல வேளை, எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். புது வண்டி எடுத்தால் நாம்தான் சூடம் ஏற்றுவோம். இங்கே அந்த வேலையையும் எஞ்சினே பார்த்துக்கொண்டது. வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே கடையை மூடியிருப்பார். கோபிநாத் அதே மாதத்தில் விமானத்தை ஓட்டிவிட்டார். அந்த நெஞ்சுரத்துக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன்.

நான்கு வருடம் நாடே கிறங்கிப் போனது. ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த வேட்டி கட்டிய சாமானியன்தான் கம்பெனியின் முகம். பெட்ரோல் பங்கில் விமான டிக்கெட். சாப்பாடு கிடையாது, தண்ணீர் வேண்டுமானால் காசு. இருக்கைக்கு எண் கிடையாது, முந்தினவனுக்கு ஜன்னல். திட்டக்குடி பஸ் நிலையத்தில் பயின்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது? வெளியிலிருந்து ஜன்னல் வழியாகத் துண்டு போட முடியாது என்பது ஒன்றுதான் குறை.

அப்புறம் அந்த ஒரு ரூபாய் டிக்கெட். செய்தி எங்கள் தெருவுக்கு வந்தபோது அத்தை, “ஐம்பது பைசாவுக்குக் கேட்டுப் பாரேன்” என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு ரூபாய் என்பது சில இருக்கைகளுக்கு மட்டும்தான், வரியும் கட்டணமும் தனியாக இருநூறு ரூபாய்க்கு மேல் வரும் என்று விளக்கினேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏர் டெக்கானின் கணக்குப் புத்தகத்தை இவ்வளவு சுருக்கமாக எந்தத் தணிக்கையாளரும் எழுதியிருக்க மாட்டார்.

ஏனென்றால் டிக்கெட்டை மலிவாக்கலாம், விமான எரிபொருளை மலிவாக்க முடியாது. அதன்மேல் மாநிலங்கள் போடும் விற்பனை வரி வேறு. தமிழ்நாட்டில் அது 29 சதவீதம் வரை இருந்தது. ஏடிஆர் மாதிரியான சிறு விமானத்துக்கு மட்டும் 4 சதவீதச் சலுகை. அந்தச் சலுகையோடு சின்ன ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஏர்பஸ்ஸும் வேண்டும், டெல்லியும் வேண்டும், மும்பையும் வேண்டும் என்று ஆசை வந்தது. அதே நேரத்தில் ஸ்பைஸ்ஜெட், கோஏர், இண்டிகோ என்று வரிசையாக வந்து குதித்தார்கள். எல்லோரும் அடக்க விலைக்குக் கீழே விற்றார்கள். 2006இல் ஏர் டெக்கான் பங்கு வெளியிட்டபோது போதிய ஆள் வராமல் கெடுவை நீட்டி, விலையையும் இறக்க வேண்டியிருந்தது.

“வண்டி நிறையறது வேற, பை நிறையறது வேற மாப்ள. கூட்டம் படிக்கட்டுல தொங்கும். சாயந்திரம் டீசலுக்குக் கடன் சொல்லணும்” என்றார் மாமா. சொந்த அனுபவம், குரல் கொஞ்சம் கம்மியது.

2007இல் கிங்ஃபிஷர் விமானக் கம்பெனியின் முதலாளி விஜய் மல்லையா வந்தார். 550 கோடி ரூபாய் கொடுத்து 26 சதவீதப் பங்கை வாங்கினார். நஷ்டத்தில் ஓடும் கம்பெனிக்கு இவ்வளவா என்று நான் வாயைப் பிளந்தேன். மாமா பிளக்கவில்லை. அன்றைய விதிப்படி, உள்நாட்டில் ஐந்து ஆண்டு பறந்த கம்பெனிதான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம். கிங்ஃபிஷர் பறக்கத் தொடங்கியதே 2005இல். ஏர் டெக்கானுக்கோ 2008 ஆகஸ்டில் ஐந்து வயது நிரம்பும். “பர்மிட்டுக்காக வண்டிய வாங்குறது எங்க லைன்ல பழைய வித்தை. பர்மிட் கைக்கு வந்ததும் வண்டிய காயலாங்கடைக்குத் தள்ளிடுவான்” என்றார்.

அட்சரம் பிசகாமல் நடந்தது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. அடுத்த மாதம் இரண்டு கம்பெனிகளின் இணைப்பும் முடிந்தது. செப்டம்பரில் பெங்களூரிலிருந்து லண்டனுக்குக் கிங்ஃபிஷர் கிளம்பிவிட்டது. டெக்கான் ‘கிங்ஃபிஷர் ரெட்’ ஆனது, சாமானியன் இருந்த இடத்தில் மீன்கொத்தி உட்கார்ந்தது. 2011இல், இனி மலிவுச் சேவை வேண்டாம் என்று மல்லையா அறிவித்தார். 2012 அக்டோபரில் மீன்கொத்தியும் தரையிறங்கியது. ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. இந்த இடத்தில் எனக்கு நகைச்சுவை வரவில்லை. மேலே போகிறேன்.

2020இல் ‘சூரரைப் போற்று’ வந்தது. கோபிநாத்தை ஆதாரமாக வைத்துச் செய்த படம். விமானம் பறப்பதோடு படத்தை முடித்துவிட்டார் இயக்குநர் சுதா கொங்கரா. கெட்டிக்காரர். இன்னும் அரை மணி நேரம் ஓட்டியிருந்தால் எல்லோரும் அழுதுகொண்டே எழுந்திருப்போம். நிஜக் கதாநாயகனோ இதற்கிடையில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உதான் திட்டத்தை நம்பி, 2017 கடைசியில் ஏர் டெக்கானுக்கு மறுபிறவி கொடுத்திருந்தார். சின்னஞ்சிறு விமானங்கள். 2020 ஏப்ரலில் கொரோனா அதையும் நிறுத்தியது.

அந்த உதான் திட்டத்தில்தான் எங்களுக்கும் ஒரு சீட்டு விழுந்தது. ஹவாய் செருப்பு போட்டவனும் விமானத்தில் ஏற வேண்டும் என்றார் பிரதமர். 2017இல் நெய்வேலி–சென்னைத் தடம் ஏர் ஒடிசா என்ற கம்பெனிக்குக் கிடைத்தது. மாமா புதுச் செருப்பே வாங்கிவிட்டார். செருப்பு தேய்ந்தது, ஏர் ஒடிசா வரவில்லை. ஓடுதளத்தைச் செப்பனிடுகிறார்கள், உரிமம் வரப்போகிறது என்று மட்டும் அவ்வப்போது செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது.

அப்படியொரு செய்தியைச் சென்ற முறை படித்துக் காட்டியபோது மாமா கணக்குப் போட ஆரம்பித்தார். இங்கிருந்து விருத்தாசலத்துக்கு ஒரு பஸ். அங்கே மாறி நெய்வேலிக்கு ஒரு பஸ். டவுன்ஷிப்பில் இறங்கி ஆட்டோ. விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடியே போய் உட்காரணும். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி வந்து, வெளியே வரணும்.

“அதுக்குள்ள தொழுதூர் போயி மெட்ராஸ் ரோட்டுல நின்னு கை காட்டினா, ஏறின பஸ்ஸு செங்கல்பட்டத் தாண்டியிருக்கும். துண்டு போடவும் வசதி” என்றார்.