நாலு சான்றிதழ், ஒரு படிக்கட்டு

திருவண்ணாமலையில் குடியிருப்பவனுக்கு வாசல் மறிக்கப்படுவது புதிதல்ல. மாதம் தவறாமல் பௌர்ணமி வரும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை போதாமல் கார்கள் சந்துபொந்துகளில் புகுந்து நிற்கும். தீபத்தன்று சொந்த வீட்டுக்குப் போக, தடுப்புக்கட்டை ஓரம் நிற்கும் காவலரிடம் ஆதார் அட்டையை நீட்டி, "இங்கதான் சார் வீடு" என்று கெஞ்ச வேண்டியிருக்கும். கெஞ்சுவோம். அண்ணாமலையாருக்காக அவ்வளவு கூடத் தாங்கமாட்டோமா? ஆனால் நம் எதிர்வீட்டு மாடியில் கல்வித்துறை அலுவலகம் ஒன்று வாடகைக்குக் குடிவந்தால், அதை எந்த வேண்டுதலில் சேர்ப்பது?

எந்தத் தெரு, எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஓர் அலுவலகத்தைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிவிட்டு, "குறை களையப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆகவே இது பல ஊர்களின் செங்கல்லைச் சேர்த்து நான் கட்டிய வீடு. எந்த மாவட்டத் தலைநகரிலும் இதைப் பொருத்திக்கொள்ளலாம்.

இப்படி ஒரு நிலைமை வந்த கதை சுருக்கமானது. வேலூருக்கு அலைந்து தேய்ந்த எங்களுக்கு 1989 செப்டம்பர் 30 அன்று தனி மாவட்டம் கிடைத்தது. கலெக்டர் அலுவலகம் வேங்கிக்காலில் நிமிர்ந்து நின்றது. அதோடு நின்றிருக்கலாம். 2018-ல் தமிழகமெங்கும் கல்வி மாவட்டங்களை உடைத்துப் பெருக்கினார்கள். 2022-ல் தொடக்கக் கல்விக்கு ஒரு மாவட்டக் கல்வி அலுவலர், இடைநிலைக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று மறுபடி பிரித்தார்கள். அரசாணையில் நாற்காலி பிறப்பது சுலபம். நாற்காலியைப் போடத் தரை வேண்டுமே என்ற ஞாபகம் ஆணை வெளியான மறுநாள்தான் வரும். அப்போது கண்ணில் படுவது ஒன்று அரசுப் பள்ளியின் வகுப்பறை, இல்லாவிட்டால் 'டு லெட்' பலகை.

வகுப்பறையை எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். பிள்ளைகளுக்குச் சங்கம் கிடையாது. எனவே நம் தெருவில் வீடு பிடித்ததைக் கருணை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன், வாருங்கள். ஹாலில் பிரிவு எழுத்தர்கள். படுக்கையறையில் அதிகாரி, அவர் நாற்காலி முதுகில் துண்டு. சமையலறை மேடையில் தபால் பிரிவு, சிங்க்குக்குள் பழைய வருகைப் பதிவேடுகள். பூஜையறையில் எஸ்.ஆர். எனப்படும் ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகள். இது ஒன்றுதான் இடமறிந்து வைத்த பொருள், ஏனென்றால் எஸ்.ஆரில் ஒரு பதிவு ஏற வேண்டுமானால் தேங்காய் பழத்தோடுதான் போக வேண்டும். தட்சிணை எவ்வளவு என்று பலகை மட்டும் வைக்கவில்லை. பொதுப்பணித்துறை நிர்ணயித்த வாடகை எப்போது கைக்கு வரும் என்று தெரியாமல், சென்னையில் இருக்கும் வீட்டுக்காரர் மாதாமாதம் போன் போடுகிறார். அவரும் மனுதாரராகிவிட்டார்.

காலை 10 மணிக்கு முன்னால் தெருவில் ஸ்கூட்டர்கள் கோலத்தின் மேல் ஏறி நிற்கும். சரண் விடுப்புக்கு ஒருவர், ஜி.பி.எஃப். கடனுக்கு ஒருவர், மாறுதல் கலந்தாய்வில் காலியிடத்தைக் காட்டவே இல்லை என்று கொதித்துக்கொண்டு நால்வர். ஒரு வாரத்தில் டீக்கடை முளைத்தது, மறுவாரம் ஜெராக்ஸ் கடை. சங்கத்துக்காரர்கள் ஒலிபெருக்கியோடு கேட்டுக்கு முன் ஆர்ப்பாட்டம் செய்வதும் உண்டு. அவர்கள் கோரிக்கை நியாயமானது. ஆனால் அதை உரக்கக் கேட்பது எதிர்வீட்டில் தூளியில் தூங்கும் குழந்தை. அதிகாரி அன்று கேம்ப்.

2017-ல் நெடுஞ்சாலை மதுக்கடைகள் உச்ச நீதிமன்ற உத்தரவால் குடியிருப்புகளுக்குள் நுழைந்தபோது தமிழ்நாட்டுப் பெண்கள் விளக்குமாற்றோடு தெருவில் இறங்கினார்கள். இதற்கு யாரும் இறங்கவில்லை. ஒப்பிடுவது மரியாதை இல்லைதான். ஆனாலும் டாஸ்மாக்கில் நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை என்று எழுதியிருக்கும். கூடுதலாகப் பத்து ரூபாய் பிடுங்கினாலும் சரக்கைக் கையோடு கொடுத்துவிடுவார்கள். "அடுத்த வாரம் வாங்க, செக்‌ஷன்ல ஆள் லீவு" என்று அங்கே ஒருவரும் சொன்னதில்லை.

எங்களுக்கும் யோக்கியதை கொஞ்சம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். பௌர்ணமிக்கு மொட்டை மாடியை வாடகைக்கு விடுபவன், கழிவுநீர்க் கால்வாய் மேல் ஸ்லாப் போட்டுக் கடை வைத்தவன் எல்லாம் இதே தெருவில்தான் இருக்கிறான். கோயிலைத் தொல்லியல் துறை 2002-ல் தேசியச் சின்னமாக அறிவித்து எடுத்துக்கொண்டபோது இந்த ஊர் கொதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைசியில் துறை பின்வாங்கியது. சாமிக்கு ஒன்று என்றால் வரிந்து கட்டுகிறோம். சாக்கடைக்கு ஒன்று என்றால் "நமக்கெதுக்குங்க வம்பு" என்று ஜன்னலைச் சாத்துகிறோம்.

கோலமும் ஸ்கூட்டரும் போகட்டும். எனக்கு வயிறெரிவது வேறு இடத்தில்.

ஒரு தனியார் பள்ளி அங்கீகாரத்தைப் புதுப்பிக்க இந்த மாடிக்குத்தான் வர வேண்டும். வருகிறவரிடம் நாலு சான்றிதழ் கேட்பார்கள். கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. இடமும் போதுமான அளவு வேண்டும். மாவட்டத் தலைநகரில் 8 கிரவுண்டு, மாநகராட்சியில் 6 என்பது சிட்டிபாபு குழு வகுத்த கணக்கு. 2024 ஆகஸ்டில் நாங்கள் மாநகராட்சி ஆனோம். அந்தக் கணக்கை அப்படியே போட்டால் ஒரே இரவில் 4,800 சதுர அடி மிச்சம். ஊருக்குள் ஓர் அடி நிலமும் கூடவில்லை, தேவை மட்டும் குறைந்துவிட்டது. இதுவல்லவா வளர்ச்சி!

கேட்கட்டும். கறாராகவே கேட்கட்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், சமையல் கூடத்தில் பிடித்த தீ, மேலே கீற்றுக்கூரை, இறங்குவதற்குக் குறுகலான வழி. அந்தக் கட்டடத்தில் நடந்ததும் அங்கீகாரம் பெற்ற பள்ளிதான். யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து, பார்க்காததைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் கல்வித்துறை அலுவலர்களும் இருந்தார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வருவதற்கே 10 ஆண்டுகள் ஆயின. இந்த நாலு காகிதத்தின் விலை அந்தப் பிள்ளைகள்.

அந்த நாலு காகிதத்தை ஊருக்கெல்லாம் கேட்கிற அலுவலகம் தனக்கென்று ஒன்றையாவது வைத்திருக்கிறதா? அரை கிரவுண்டு வீடு, இரண்டடி அகலப் படிக்கட்டு. அலமாரி போதாததால் படிக்கு ஒரு கட்டு வீதம் கோப்புகள். ஒற்றை மீட்டரிலிருந்து இழுத்த ஒயரில் ஆறு கம்ப்யூட்டர், அதிகாரி அறைக்கு ஏ.சி. தீயணைப்புக் கருவி ஒன்று உண்டு, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

சுகாதாரச் சான்றைப் பற்றி ஜவ்வாதுமலையிலிருந்து பஸ் மாறி வந்த ஒரு டீச்சரைக் கேளுங்கள். வீட்டில் இருந்த இரண்டு கழிப்பறையில் ஒன்று அதிகாரிக்கு, இன்னொன்றில் விடைத்தாள் கட்டுகள். அந்த டீச்சர் நம் வீட்டுக் கதவைத் தட்டி, "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, கொஞ்சம் பாத்ரூம்..." என்று குரலை விழுங்குகிறார். பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு எத்தனை கழிப்பறை என்று இதே அலுவலகத்துக்குப் படிவம் நிரப்பி அனுப்பியவர் அவர்.

தெருவில் ஓய்வுபெற்ற ஹெச்.எம். ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கலெக்டரிடம் மனு கொடுத்தார். மனு விதிப்படி பயணம் செய்து, "உரிய நடவடிக்கைக்காக" என்ற குறிப்போடு அதே எதிர்வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தது. எழுத்தர் பால்கனியிலிருந்தே கூப்பிட்டார்: "சார், உங்க மனுதான் வந்திருக்கு. என்ன பதில் போடலாம், நீங்களே சொல்லுங்க." சார் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த நாலு சான்றின் நகலையும் கேட்டார். முப்பதாம் நாள் பதில் வந்தது: "கோரப்பட்ட ஆவணங்கள் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை." கீழே முத்திரை, பச்சை மையில் கையெழுத்து.

மதியம் ஒன்றரை. சாப்பாட்டு வேளையில் மனுதாரர்கள் ஏறி வந்துவிடாமல் இருக்க, படிக்கட்டின் அடியில் இருக்கும் கிரில் கதவை இழுத்துப் பூட்டுகிறார்கள். மாடியில் பதினெட்டுப் பேர் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். சாவி, டீ வாங்கப் போன உதவியாளரின் சட்டைப்பையில் இருக்கிறது.