நான்கு எலுமிச்சை

மயிலாப்பூரில் புதுக் கார் வாங்கினால் முதல் ஓட்டம் கோயிலுக்குத்தான். சந்தனம், குங்குமம், டயருக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சை. எங்கள் காரும் பழத்தை நசுக்கிவிட்டுத்தான் புறப்பட்டது. பதினோராம் நாள் பனகல் பார்க் சிக்னலில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

சர்வீஸ் சென்டர் வாசலை மிதித்ததும் அணைந்துவிட்டது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகும் குழந்தை மாதிரி. "ஸ்கேன்ல ஒண்ணும் காட்டலையே சார்" என்றார் அட்வைசர். அடுத்த முறை சென்சார் மாற்றினார்கள். பிறகு சாஃப்ட்வேர் அப்டேட். நான்காம் முறை, "கிளட்ச் மேலயே காலை வெச்சு ஓட்டுறீங்களோ?" என்று கனிவாகக் கேட்டார். வண்டி ஆட்டோமேட்டிக்.

ஓயாமல் பழுதாகும் புதுக் காருக்கு அமெரிக்காவில் பெயரே 'லெமன்'. 1982-இல் கனெக்டிகட் மாநிலம் அதற்கென்றே சட்டம் போட்டது: சரிசெய்ய முடியாவிட்டால் வேறு கார் கொடு, இல்லையேல் பணத்தைக் கொடு. நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். வாரன்டிப்படி கெட்ட பாகத்தை மாற்றினால் போதும், காரையே மாற்ற வேண்டியதில்லை என்று 2006-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கணக்கில் எங்கள் வாசலில் நிற்பது ஏறக்குறைய வேறு கார்.

ஜாப் கார்டுகளை ஃபைலில் கோத்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"பின் டயர்ப் பழம் ஒண்ணு நசுங்காம நழுவி ஓடித்தேடா. நான் அப்பவே பார்த்தேன்."